மேற்குச் சுவருக்கு நான் அடித்த வெள்ளை

ஏற்றுமதியில் புதிதாக இறங்கியிருக்கும் ஐந்து பேர் போன வாரம் சைனிக்புரியில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒருவர் சோலார் பம்புக்குக் கண்ட்ரோலர் செய்கிறார். கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப ஆசை. ஒரு பெண் கரும்புச் சக்கையில் தட்டும் கிண்ணமும் செய்கிறார், ஐரோப்பாவில் கேட்கிறார்களாம். மற்ற மூவரும் பேட்டரி. எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "சார், ஃபாரின் பையர் ஆள் அனுப்புறான்னா முதல்ல என்ன பண்ணணும்?"

"சுவத்துல கை வைக்காதீங்க," என்றேன்.

ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள். அது என்னுடைய முப்பது வருட உத்தியோகத்தின் மொத்த சாரம். விளக்குவதற்குள் என் மனைவி மாலதி காபித் தட்டோடு வந்து, "அந்தக் கதையா? எல்லாரும் வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க, லேட்டாகும்னு," என்றாள். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஆகவே எழுதுகிறேன். எழுதும்போது குறுக்கே காபி வராது.

நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. வயது ஐம்பத்தாறுதான், என் முழங்கால் மட்டும் எழுபதைத் தாண்டிவிட்டதால் அதன் விருப்பப்படி விருப்ப ஓய்வு. ஆரம்ப வருடங்களைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஒரு பெரிய தொழிற்சாலையில் ஆறு வருடம் குமாஸ்தா. அங்கே நான் கற்றவை இரண்டு: எந்தக் காகிதமாக இருந்தாலும் மூன்று பிரதி எடுக்க வேண்டும்; பெரிய அதிகாரி வருகிறார் என்றால் கண்ணில் படும் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். சுவர், நடைபாதைக் கல், மரத்தின் அடிப்பாகம், எதுவும் தப்பாது. வருகிற அதிகாரியின் கண்ணில் பட்டால் நமக்கும் அடித்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டு ஓரமாக நிற்பேன்.

பிறகு குஷாய்குடாவை ஒட்டிய ஒரு சின்னத் தொழிற்சாலைக்கு மாறினேன். அலுமினியத்தை உருக்கி வார்ப்பது வேலை. கூரையில் சோலார் தகடுகளைப் பிடித்து நிறுத்துமே, உள்ளங்கை அகலத்தில் கிளாம்ப், அதுதான் எங்கள் சரக்கு. பழைய அலுமினியத்தை வாங்கி, உருக்கி, கிளாம்ப் ஆக்குவோம். நான் ஏற்றுமதி மேனேஜர். ஏற்றுமதி எதுவும் இல்லாத கம்பெனியில் ஏற்றுமதி மேனேஜர் என்பது நிம்மதியான பதவி.

அந்த நிம்மதியைக் கெடுத்தவர் முதலாளி பத்மஜா மேடம். உலோகவியல் படித்தவர், விஜயவாடாக்காரர். எண்ணெய் எரித்துப் புகை கக்கிக்கொண்டிருந்த இரண்டு உலைகளையும் பிடுங்கிப் போட்டுவிட்டு மின்சார உலைகளை வைத்தார். கூரை முழுக்க சோலார் தகடு. அவருடைய அண்ணன்மார் இருவரும் பங்குதாரர்கள். "ரெண்டு வருஷம் பார்ப்போம். வெளிநாட்டு ஆர்டர் வரலைன்னா எண்ணெய் உலைக்கே திரும்பிடணும், இரண்டாவது ஷிஃப்டையும் எடுத்துடணும்," என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது ஷிஃப்டில் இருபத்திரண்டு பேர். அந்த இருபத்திரண்டு பேரையும் தினமும் கேட்டில் பார்ப்பேன்.

மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்கள் ஏதாவது சொன்னால் கண்ணாடியைக் கழற்றுவார், புடவைத் தலைப்பால் துடைப்பார், திரும்ப மாட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்பார்: "எக்கட ராசி உந்தி, மூர்த்திகாரு?" எங்கே எழுதியிருக்கிறது என்று அர்த்தம். சரக்கு நேற்றே கிளம்பிவிட்டது என்றாலும் அதேதான். எனக்குக் காய்ச்சல் என்றாலும் அதேதான்; டாக்டர் சீட்டை நீட்டினேன்.

இரண்டு வருடக் கெடுவில் ஒன்றரை வருடம் ஓடிய பிறகு ஐரோப்பாவில் ஒரு கண்காட்சிக்கு என்னை அனுப்பினார். அங்கே நான் பார்த்ததை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பில் ஒரு துள்ளல் வருகிறது. ஒரு ஊர் அளவுக்குக் கூடாரம். காற்றாலை இறக்கை, பேட்டரி, தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்கும் பெட்டி. உலகத்தில் இருக்கிற எல்லாக் கூரையும் தகடு கேட்கிறது. ஒவ்வொரு தகட்டுக்கும் கிளாம்ப் வேண்டும். கிளாம்ப் என் பையில் இருக்கிறது. மதியம் வரை நான் தரையில் நடந்த ஞாபகமே இல்லை.

மதியத்துக்கு மேல் ஒரு பெரிய கம்பெனியின் கொள்முதல் அதிகாரி என் கிளாம்பைக் கையில் எடுத்து, புரட்டிப் பார்த்து, தட்டிப் பார்த்து, நல்ல வார்ப்பு என்றார். விலை சொன்னேன். தலையாட்டினார். பிறகு கேட்டார்: "ஒரு டன் செய்ய எத்தனை கிலோ கார்பன் வெளியாகிறது?"

அங்கேதான் தொழில் மாறிவிட்டது என்று எனக்கு உறைத்தது. அதுவரை பொருளைக் கேட்டார்கள், விலையைக் கேட்டார்கள். இப்போது பொருளோடு சேர்த்து அதன் புகையையும் கேட்கிறார்கள். அவர்கள் ஊர் விதிப்படி, நாம் அளந்து கொடுத்தால் அந்த எண். கொடுக்காவிட்டால் அவர்களே பெரிதாக ஒரு எண்ணைப் போட்டுக்கொள்வார்கள். அந்தப் பெரிய எண்ணுக்கு வரி கட்டி எங்கள் கிளாம்பை வாங்குவது அவருக்குக் கட்டுப்படியாகாது.

எனக்குப் பதற்றம் வந்தால் வாய் தானாக ஓடும். "எல்லாம் தினமும் அளக்கிறோம் சார், மின்சார உலை வைத்த நாளிலிருந்து," என்றேன். நான் அளந்ததில்லை. ஆனால் சொல்லி முடித்த பிறகு ஞாபகம் வந்தது, ஒருவர் அளந்துகொண்டிருக்கிறார்.

அவர் எங்கள் எலக்ட்ரீஷியன் சாமுவேல் அண்ணன். மல்காஜ்கிரியில் ரயில்வே குடும்பம், மூன்று தலைமுறையாக இந்த ஊர், அதனால் தமிழில் உருது கலந்து பேசுவார். உலைகளுக்கென்று தனி மீட்டர் இருந்தது. தினமும் காலை ஷிஃப்ட் தொடங்கும்போது அவர் அதைப் பார்த்து உலைக்கூடத்தின் மேற்குச் சுவரில் எழுதுவார். வார்ப்பில் குறி போடுகிற பெயிண்ட் பேனாவால், எறும்பு ஊர்வது போல, தேதி, யூனிட், தேதி, யூனிட். நோட்டுப் புத்தகம் கொடுத்தால் வாங்கமாட்டார். "நோட்டு நக்கோ சாரு. இன்னைக்கு ஒருத்தன் எடுப்பான், நாளைக்கு ஒருத்தன் சமோசா மடிப்பான். சுவத்த எவன் எடுத்துட்டுப் போவான்?"

ஊர் திரும்பியதும் நான்கு நாள் ஸ்டூல் மேல் நின்று சுவரைப் படித்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மாத வாரியாகக் கணக்கு வந்தது. அற்புதமான எண். அனுப்பினேன். ஆர்டர் கொடுக்கத் தயார், அதற்கு முன் எங்கள் ஆள் வந்து சரிபார்ப்பார் என்று பதில் வந்தது. படிவத்தில் ஒரு கட்டம்: மூல ஆவணம் எது? நான் 'பதிவேடு' என்று எழுதிக்கொண்டு போனேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

"எக்கட உந்தி, பதிவேடு?"

அடித்துவிட்டு எழுதினேன்: உலைக்கூடம், மேற்குச் சுவர். மூன்று பிரதி.

சரிபார்ப்பவர் செவ்வாய்க்கிழமை வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலையிலிருந்தே என் கால் தரையில் நிற்கவில்லை. உடம்பில் ஊறிய பழைய பழக்கம் எழுந்து உட்கார்ந்துகொண்டது: பெரிய ஆள் வருகிறார், சுண்ணாம்பு. பெயிண்டர் யாதகிரியைக் கூப்பிட்டேன். காதில் போன், அந்தப் பக்கம் கப்பல் ஏஜெண்ட். ஒரு காதில் கண்டெய்னர், ஒரு கையால் யாதகிரிக்குச் சுவர். "இது, இது, இது, அப்புறம் அது." நான்கு விரல் நீட்டினேன். கூடத்துக்கு நான்கு சுவர்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் அவர் நேர்த்தியாக வேலையை முடித்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை கூடத்துக்குள் நுழைந்தேன். பால் போல இருந்தது. ஆகா என்று மூச்சை இழுத்தேன். இழுத்த மூச்சு திரும்பி வரவில்லை. மேற்குச் சுவருக்கு எதிரே சாமுவேல் அண்ணன் கையில் பெயிண்ட் பேனாவோடு நின்றுகொண்டிருந்தார், எங்கே எழுதுவது என்று தெரியாதவர் போல.

"கைக்கு சாரு, இப்படி?" என்றார். ஏன் என்பதை அவ்வளவு மென்மையாக யாரும் என்னிடம் கேட்டதில்லை.

நான் அடுத்த ஒரு மணி நேரத்தில் செய்தவற்றை வரிசையாகச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. முதலில் யாதகிரிக்குப் போன் செய்து, அடித்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். பிறகு போனில் படம் இருக்கும் என்று தேடினேன். இருந்தது. சுவரின் முன்னால் நான் பல்லைக் காட்டிக்கொண்டு எடுத்துக்கொண்ட செல்ஃபி. அதில் மே மாதம் முழுக்க என் தலை. மிச்ச மாதங்கள் மங்கல். மாலதிக்குப் போன் செய்தேன். "உங்க தலை மறைக்காத மாசம் ஏதாவது இருக்கா?" என்றாள். வைத்துவிட்டேன்.

மூன்றாவதாகச் செய்ததுதான் மோசம். கடைக்குப் போய் ஒரு தடித்த நோட்டும் நான்கு நிறத்தில் நான்கு பேனாவும் வாங்கினேன். நோட்டைத் தரையில் போட்டு ஷூவால் நாலு தடவை தேய்த்தேன், பழசாகத் தெரிய. கொஞ்சம் டீயும் ஊற்றினேன். சாமுவேல் அண்ணனிடம் நீட்டினேன்.

"அண்ணே, எண்ணெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. உங்க கையெழுத்துல மட்டும் எழுதிக் குடுத்துடுங்க. பேனாவ மாத்தி மாத்தி."

அவர் நோட்டை வாங்கவில்லை. டீக் கறையைப் பார்த்தார். "நக்கோ சாரு. நான் எழுதுனது சுவத்துல."

"அதே எண்தானே அண்ணே. பொய் இல்லையே."

"எண்ணு அதேதான். நோட்டு பொய்யில்ல?"

"இருபத்திரண்டு பேர் வேலை அண்ணே."

"ஹவ், ஆமா சாரு. அதுல என் மச்சான் பையன் ஒருத்தன். அதுக்குத்தான் சொல்றேன்."

நோட்டோடு மேடம் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றவில்லை, அது என்னை இன்னும் பயமுறுத்தியது. நோட்டைத் திறந்து பார்த்தார். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மூடி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். எழுந்து கூடத்துக்கு நடந்தார். நான் பின்னால்.

சாமுவேல் அண்ணன் ஈரக் கோணிப்பையால் சுவரின் கீழ் மூலையில் ஒரு கையளவு துடைத்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு புதுசு, ஒரே பூச்சு; அடியில் பழைய ஆயில் பெயிண்ட். வழவழவென்று உரிந்து வந்தது. உள்ளே பெயிண்ட் பேனாவின் எழுத்து: ஒரு தேதி, பக்கத்தில் நான்கு இலக்க எண். நான் கோணியைப் பிடுங்கி அடுத்த இடத்தைத் தேய்க்கப் போனேன்.

"ஆகண்டி," என்றார் மேடம். நிறுத்தச் சொன்னார். "மொத்தமும் இன்னைக்கே துடைச்சா, நாளைக்குச் சரிபார்க்க வர்ற அம்மா பார்க்கிறது நாம துடைச்சுக் காட்டின சுவர். ராத்திரியில நாமே எழுதினது இல்லைன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? இப்படியே இருக்கட்டும். அவங்க வந்து, எந்த இடம் சொல்றாங்களோ அங்க துடைங்க."

"மேடம், மத்த இடத்துல எழுத்தும் சேர்ந்து வந்துடுச்சுன்னா?"

"வந்துடட்டும்."

"எப்பச் சொல்றது மேடம், சுண்ணாம்பு விஷயத்தை? டீ குடிச்சப்புறம்..."

"கேட்டிலேயே. டீக்கு முன்னாடி. நீங்கதான்."

திங்கட்கிழமை என்பது இருபத்து நான்கு மணி நேரம் என்று காலண்டரில் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். ஒரு தண்ணீர் பாட்டிலோடு சுவருக்குக் காவல் உட்கார்ந்திருந்தேன். யாராவது சாய்ந்தால்கூட அந்த மாதம் போய்விடும் என்று ஒவ்வொருவரையும் தள்ளி நடக்கச் சொன்னேன். இரண்டாவது ஷிஃப்ட் ஆட்கள் வந்தபோது விஷயம் பரவியிருந்தது. ஒருவரும் திட்டவில்லை. வரிசையாக வந்து சுவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், உலைக்குப் போனார்கள். திட்டியிருக்கலாம்.

செவ்வாய் காலை ஆட்டோவிலிருந்து இறங்கியவர் சென்னையிலிருந்து வந்த நித்யா. முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். முதுகுப் பை, சொந்தமாக ஒரு ஹெல்மெட். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் எனக்கு மறந்துவிட்டது.

"வணக்கம்மா. நான் மூர்த்தி. மூல ஆவணத்துக்கு நான் வெள்ளையடிச்சிட்டேன்."

அவர் ஆட்டோவுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "டாக்குமெண்ட்டுக்கா?"

"சுவர்ம்மா அது. படிவத்துல எழுதியிருக்கோம். தப்பு என்னோடது, முழுசா. டீ அப்புறம் தர்றேன்."

"சுவர் எங்க சார்?" என்றார்.

கூடத்தில் மேடமும் சாமுவேல் அண்ணனும் நின்றிருந்தார்கள். நித்யா சுவரை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தார். மூலையில் துடைத்திருந்த கையளவு இடத்தை மட்டும் போட்டோ எடுத்தார். பையிலிருந்து என் கணக்கின் அச்சுப் பிரதியை எடுத்தார்.

"போன வருஷம் ஜூன் எங்க இருக்கும்?"

சாமுவேல் அண்ணன் கண்ணை மூடி யோசிக்கவெல்லாம் இல்லை. நேராக நடந்து இடுப்பு உயரத்தில் கோணியை வைத்தார். நான்கு இழுப்பு. ஜூன் வந்தது. நித்யா ஒவ்வொரு எண்ணாகப் பேனா முனையால் தொட்டுச் சரிபார்த்தார். பொருந்தியது.

"அதுக்கு முந்தின வருஷம் நவம்பர்."

ஸ்டூல் போட்டு மேலே. வந்தது. பொருந்தியது. எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

"போன வருஷம் ஏப்ரல்."

ஏப்ரல் வந்தது, பாதிதான். பதினோரு நாள் இருந்த இடத்தில் பழைய ஆயில் பெயிண்டும் சேர்ந்து உரிந்து, வெறும் சிமெண்ட் தெரிந்தது. மிச்ச நாட்களில் கறுப்பு எண்களுக்குப் பக்கத்தில் சிவப்பில் சின்னச் சின்ன எண்கள்.

"இந்தச் சிவப்பு என்ன சார்? உங்க ஷீட்ல இல்லையே."

ஸ்டூல் மேல் நின்று படித்தபோது நானும் பார்த்திருக்கிறேன். சாமுவேல் அண்ணன் வீட்டுப் பால் கணக்கு என்று விட்டுவிட்டேன். அதைச் சொன்னேன். மேடம் இப்போது கண்ணாடியைக் கழற்றினார்.

"கரண்ட்டு போற நாளு மேடம்," என்றார் சாமுவேல் அண்ணன். "உலை ஆறிடக்கூடாதுன்னு ஜெனரேட்டர்ல ஓட்டுவோம்ல. சிவப்பு அதுதான். எத்தனை லிட்டர் டீசல்னு."

கோடையில் நிறைய சிவப்பு. அதாவது நான் அனுப்பிய அற்புதமான எண் அற்புதம் இல்லை. எங்கள் கிளாம்பில் நான் சொன்னதைவிட அதிகப் புகை இருக்கிறது. ஆர்டர் போயிற்று என்று நினைத்தேன். உண்மையில் வாய் திறந்து, "அந்தச் சிவப்பு மேல சுண்ணாம்பு இருந்திருக்கலாம்," என்று முணுமுணுத்தேன். நித்யாவுக்குக் கேட்டுவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அன்று முழுவதும் சுவர் துடைக்கப்பட்டது, அவர் கண் முன்னால். அழிந்துபோன பதினோரு நாளுக்கு, அந்த மாதத்தில் எந்த நாள் மிக மோசமோ அந்த எண்ணையே போட்டார். சிவப்பு முழுவதையும் டீசல் பில்களோடு ஒப்பிட்டுச் சேர்த்தார். மாலையில் புது எண்ணை ஒரு தாளில் எழுதி மேடத்திடம் நீட்டினார். என் எண்ணைவிட நன்றாகவே பெரியது. அந்த ஊர்க்காரர்கள் தாமாகப் போட்டுக்கொள்ளும் எண்ணைவிடச் சின்னது. "வாங்குறதும் வாங்காததும் அவங்க முடிவு மேடம்," என்றார். அதற்குப் பிறகுதான் டீ குடித்தார். இரண்டு கப்.

அடுத்த மூன்று வாரம் நான் மெயில் பெட்டியைத் திறந்த விதத்தைப் பார்த்தால் உள்ளே பாம்பு இருக்கிறது என்று நினைப்பீர்கள். நான்காவது திங்கட்கிழமை மதியம் வந்தது. மேடம் அறைக்கு ஓடி, நின்றபடியே வாசித்தேன். கொள்முதல் அதிகாரி எழுதியிருந்தார்: நான்கு கம்பெனிகளிடமிருந்து எண்கள் வாங்கினோம். மூன்று பேருடையது வருடம் முழுக்க ஒரே மட்டமாக இருந்தது. உலை அப்படி ஓடாது என்று எங்களுக்குத் தெரியும். உங்களுடையது மட்டும் கோடையில் ஏறி மழையில் இறங்குகிறது. சிவப்பு எண்களைக் குறைக்க என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். ஆர்டர் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

மேடம் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் போனார். முதுகைக் காட்டியபடி, "ரெண்டாவது ஷிஃப்ட்டுக்குச் சொல்லிடுங்க மூர்த்திகாரு," என்றார்.

கூடத்துக்கு ஓடினேன். முழங்கால் அன்றைக்குப் போனதுதான், இன்னும் திரும்பவில்லை. தமிழ், தெலுங்கு, ஹிந்தி மூன்றையும் கலந்து கத்தினேன். ஒருவருக்கும் ஒன்றும் புரியாமல் எல்லாருக்கும் விஷயம் புரிந்தது. "அண்ணே, ரெண்டாவது உலையைப் போடுங்க. ஆர்டர் வந்துடுச்சு."

"போட்டாச்சு சாரு," என்றார் சாமுவேல் அண்ணன். உண்மைதான். ஒரு மாதமாகச் சும்மா இருந்த இரண்டாவது உலை செந்நிறமாகத் தகதகத்துக்கொண்டிருந்தது.

"மெயில் வந்தே பத்து நிமிஷம்தானே அண்ணே ஆகுது. எப்பப் போட்டீங்க?"

"காலையில. சூடேற நாலு மணி நேரம் ஆகும்ல. மெயில் வர்ற வரைக்கும் உக்காந்திருந்தா இன்னைக்கு ஷிஃப்ட் வீணாப் போகாதா? யூனிட் எழுதிட்டேன் சாரு, பயப்படாதீங்க."

எழுதியிருந்தார். ஆர்டரே இல்லாமல் எரிந்த நான்கு மணி நேரம். மாதக் கடைசியில் அதை நான் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. உற்பத்தி இல்லாமல் செலவான மின்சாரத்துக்குப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. என்ன எழுதுவது என்று மேடத்திடம் கேட்டேன். நடந்ததை எழுதுங்கள் என்றார். எழுதினேன்: 'ஆர்டர் வரும் என்று எலக்ட்ரீஷியனுக்குக் காலையிலேயே தெரிந்திருந்தது.'

மாதக் கணக்கு சரிபார்க்க நித்யாவிடம் போய்த் திரும்பி வந்தது. அந்தத் தாளில் மற்ற எல்லா வரியிலும் அவர் ஏதாவது கேள்வி கேட்டிருந்தார். அந்த வரிக்கு மட்டும் டிக் போட்டிருந்தார்.